நெல்வேரில் துரு

மார்கழியில் இலங்கையின் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் போனால் ஏதாவதொரு வயலில் இறங்கி, ஒரு நெற்பயிரை வேரோடு பிடுங்கி வாய்க்கால் தண்ணீரில் அலசிப் பாருங்கள். (வயல்காரரிடம் கேட்டுவிட்டு. ஒரு பயிர்தானே என்று அவர் சும்மா விடமாட்டார்.) புதிதாக விட்ட வேர்கள் வெள்ளையாக இருக்கும். பழைய வேர்களோ மழையில் கிடந்த ஆணி மாதிரிச் செம்மஞ்சளாக இருக்கும். எவ்வளவு அலசினாலும் அந்த நிறம் போகாது. அது உண்மையாகவே துருதான், இரும்புத் துரு.

விசித்திரம் என்னவென்றால், அந்த வேர் நின்ற சேற்றில் துருவின் நிறமே இல்லை. சேறு சாம்பல் நிறம். துரு பிடிக்கக் காற்று வேண்டுமே, தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில் வேருக்கு மட்டும் காற்று எங்கிருந்து வந்தது?

முதலில் இரும்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதற்கு வயலிலிருந்து மேட்டுக்கு ஏற வேண்டும். வன்னியின் அடியில் கிடக்கும் பழம்பாறைகளுக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே ‘வன்னித் தொகுதி’. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்தும் நெரிந்தும் இப்போதைய உருவத்துக்கு வந்தவை. கிணறு வெட்டும்போது வெளியே வரும் கல்லில் கறுப்பு வரிகளைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு பெரும்பாலும் அந்தக் கறுப்புக் கனியங்களுக்குள்தான் இருக்கிறது.

கல்லைக் கரைப்பது மழை. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மழைநீரில் கரைந்து அதைக் கொஞ்சம் அமிலமாக்குகிறது. ஆனால் வானத்திலிருந்து விழும் மழை மட்டும் என்றால் இந்த வேலை ஆமை வேகத்தில்தான் நடக்கும். பாலை, வீரை, முதிரை என்று காடு நிற்கிறதே, அந்த வேர்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் இரவு பகலாகச் சுவாசிக்கின்றன. அதனால் மண் துளைகளில் இருக்கும் காற்றில் காபனீரொட்சைட்டு வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கு, சில வேளை நூறு மடங்கு கூட. அதற்குள்ளால் இறங்கும் தண்ணீர் கூடுதல் அமிலமாகிக் கல்லைத் தின்கிறது. கல்லிலிருந்து விடுபட்ட இரும்பு ஒட்சிசனைக் கண்டவுடன் துருவாகிறது. மழைக்காலத்தில் வெள்ளை வேட்டியில் பட்டால் லேசில் போகாத அந்தச் செம்மண்ணின் சிவப்பு இந்தத் துருதான்.

அதே கல்லிலிருந்து கரைந்த கல்சியம் கிணற்றுக்குப் போகிறது. தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கும்போது அது அடியில் வெள்ளையாகப் படிகிறது. அந்தப் படிவு உண்டாகும்போது, மழையும் வேரும் மண்ணுக்குள் கொண்டுபோன காபனீரொட்சைட்டில் ஒரு பங்கு திரும்பக் காற்றுக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் வளிமண்டலம், நீர்க்கோளம், கற்கோளம், உயிர்க்கோளம் என்று நாலு பாடமாகப் பிரித்துப் படித்தோம். அந்தப் பிரிப்பு பரீட்சைக்குத்தான் உதவும், கேத்தில் கழுவ உதவாது.

சரி, திரும்ப வயலுக்கு வருவோம். குளம் நிறைந்து, துருசு (மதகு) திறந்து, வயலில் தண்ணீர் நிற்கிறது. காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஒட்சிசன் தண்ணீருக்குள் பரவும். ஆகவே தண்ணீர் கட்டி ஓரிரு நாளிலேயே மண்ணுக்குள் இருந்த ஒட்சிசன் தீர்ந்துவிடும். பற்றீரியாக்கள் அதற்காகச் சாவதில்லை. ஒட்சிசன் இல்லையென்றால் நைத்திரேற்று, அதுவும் முடிந்தால் மங்கனீசு, பிறகு துரு. ஆமாம், சில பற்றீரியாக்கள் நாம் ஒட்சிசனைப் பயன்படுத்துவதுபோலத் துருவைப் பயன்படுத்தி மூச்சுவிடுகின்றன. அப்போது துரு உருமாறித் தண்ணீரில் கரைந்துவிடுகிறது, சிவப்பு போய்ச் சாம்பல் தெரிகிறது. அதுவரை துரு இறுக்கிப் பிடித்து வைத்திருந்த பொசுபரசும் விடுபடுகிறது. நெல்லுக்கு அது நல்ல சாப்பாடு. துருவும் தீர்ந்த இடத்தில் மெதேன் உண்டாகத் தொடங்கும். சேற்றில் கால் வைக்கும்போது கொப்புளம் கொப்புளமாக வருவதில் பெரும்பங்கு அதுதான்.

இந்த மூச்சுமுட்டும் இடத்தில் நெல் எப்படிப் பிழைக்கிறது? தாளைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெற்றுக் குழாய்கள் தெரியும். இலை வாங்கும் காற்று அவற்றின் வழியாக வேருக்கு இறங்குகிறது. வேரிலிருந்து கொஞ்சம் வெளியேயும் கசிகிறது. சுற்றியுள்ள சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு அந்தக் கசிவைச் சந்தித்த இடத்திலேயே திரும்பத் துருவாகி வேரில் படிகிறது. அளவுக்கு மிஞ்சிய இரும்பு பயிருக்கு நஞ்சு என்பதால் இந்தத் துருப் பூச்சு ஓரளவு கவசமும்தான்.

வடிகாலில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மாதிரி நிறம் நிறமாக மினுங்குவதும் இதே கதை. லான்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் ஓட்டுபவன் ஓயிலை ஊற்றிவிட்டான் என்று ஏசுவதற்கு முன் ஒரு தடியால் குத்திப் பாருங்கள். கண்ணாடி மாதிரித் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அவன் மேல் பிழையில்லை. சேற்றிலிருந்து வந்த இரும்பு காற்றைத் தொட்டுப் படலமாகியிருக்கிறது, பற்றீரியாக்களும் அதற்குக் கைகொடுத்திருக்கும். எண்ணெயென்றால் வழுக்கித் திரும்ப ஒன்றுசேர்ந்துவிடும். செங்கல் சூளையில் நடப்பதும் ஏறக்குறைய இப்படி இரும்பு காற்றோடு சேர்வதுதான், அங்கே நெருப்பு அவசரப்படுத்துகிறது. சாம்பல் களிமண் உள்ளே போய்ச் சிவப்புக் கல்லாக வெளியே வருகிறது.

முத்தையன்கட்டுக் குளத்தின் பேராறு கடைசியில் நந்திக்கடல் என்ற களப்புக்குப் (காயலுக்கு) போய்ச் சேர்கிறது. மாரியில் முகத்துவாரம் உடைத்துக் கடலும் உள்ளே வரும். கடல்நீரில் லீற்றருக்கு 2.7 கிராம் அளவில் சல்பேற்று இருக்கிறது. களப்பின் அடிச்சேற்றில் பற்றீரியாக்கள் அதை வைத்துத்தான் மூச்சுவிடுகின்றன. வெளிவரும் வாயுவுக்குக் கூழ்முட்டை நாற்றம். மேட்டிலிருந்து வந்த இரும்போடு அது சேர்ந்தால் கன்னங்கரேலென்ற சேறு. கரையோரக் கண்டல்களில் சில, சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக வேரை நீட்டிக்கொண்டு நிற்பதும் நெல்லைப்போலக் காற்றை உள்ளே இறக்கத்தான்.

வட்டுவாகல் பாலத்தடியில் வலை வீசிவிட்டுக் கரையேறுபவரின் காலில் முழங்கால்வரை அந்தக் கறுப்புச் சேறு அப்பியிருக்கும். கழுவாமல் வெயிலில் விட்டால், காயக் காய அதன் கறுப்பு மேலிருந்து கழன்று, துருவின் மண்நிறம் தெரியத் தொடங்கும்.