காலைப் படபடப்பும் நீண்ட வெளிமூச்சும்

"கண் விழித்ததுமே நெஞ்சு படபடக்கிறது. அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலையெல்லாம் மொத்தமாக நினைவுக்கு வந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் மூச்சைக் கவனித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். மூச்சைக் கவனித்தால் மனம் எப்படி அடங்கும்? இதில் அறிவியல் உண்டா, வெறும் நம்பிக்கைதானா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அறிவியல் உண்டு. உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். "கொஞ்சம் மெதுவாகத் துடி" என்று இதயத்துக்கு நம்மால் ஆணையிட முடியாது. ஆனால் மூச்சை நம் இஷ்டப்படி நீட்டலாம், குறைக்கலாம். இந்த இரண்டின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் நரம்பணுக்கள் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் அருகருகே இருக்கின்றன, ஒன்றின் பேச்சை ஒன்று கேட்கின்றன. காலை நேர நிதானத்துக்கான வழி அங்கேதான் திறக்கிறது.

முதலில், காலையில் ஏன் இந்தப் படபடப்பு? கார்ட்டிசால் என்ற ஹார்மோன் பின்னிரவிலேயே இரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். கண் விழித்த பிறகு 30 முதல் 45 நிமிடத்துக்குள் அது அன்றைய உச்சத்தைத் தொடும். படுக்கையிலிருந்து உடலை எழுப்பி வேலைக்குத் தயார் செய்ய இந்த ஏற்றம் தேவை. இரத்த அழுத்தமும் இதே நேரத்தில் உயர்கிறது. படுத்திருந்தவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். அதை ஈடுகட்ட இதயம் சட்டென்று வேகமெடுக்கும். ஆக, அந்தப் படபடப்பில் ஒரு பகுதி உங்கள் கவலையால் வந்ததே அல்ல. உடல் தன் வேலையைச் செய்கிறது, அதற்கு மனம் ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

இதற்கிடையில் மூளை இன்னும் முழுதாக விழித்திருக்காது. விழித்தவர்களின் மூளையை, இரத்த ஓட்டத்தைப் படமாகக் காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மூளைத்தண்டிலும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸிலும் இரத்த ஓட்டம் உடனே மீண்டிருந்தது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியில் மட்டும் அது மெதுவாகத்தான் மீண்டது. திட்டமிடுவது, எடைபோடுவது, "இது அவ்வளவு பெரிய விஷயமில்லை" என்று முடிவுகட்டுவது எல்லாம் அந்தப் புறணியின் வேலை. இந்த உறக்க மந்தம் பெரும்பாலோருக்கு அரை மணி நேரத்துக்குள் கலையும், சிலருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். உடல் முழு வேகத்தில் இருக்க, நிதானமாக யோசிக்கும் பகுதி அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரம் இது. இந்த நேரத்தில் படுத்தபடியே அலுவலகச் செய்திகளைப் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. படிக்கும் எல்லாமே இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இப்போது மூச்சுக்கு வருவோம். மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக, ஆழமாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும், விடும்போது விலகும். இளம் வயதினருக்கு இது நன்றாகத் தெரியும், வயது ஏற ஏற வித்தியாசம் குறையும். இதயம் சீராகத் துடிப்பதாகப் பள்ளியில் படித்திருப்போம். ஆனால் ஆரோக்கியமான இதயம் ஒவ்வொரு மூச்சுக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847இல், தான் உருவாக்கிய கைமோகிராஃப் கருவியின் சுழலும் உருளையில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கோடாகப் பதிவு செய்தார்.

இது எப்படி நடக்கிறது? இதயத்தின் வலது மேலறையில் எஸ்.ஏ. கணு என்று ஒரு சிறு திசு இருக்கிறது. அதிலுள்ள செல்களுக்கு யாரும் ஆணையிட வேண்டியதில்லை. அயனிகள் மெல்ல உள்ளே கசிய, மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு வரம்பைத் தொட்டதும் துடிப்பு பிறக்கும், பிறகு மறுபடியும் முதலிலிருந்து. தன்போக்கில் விட்டால் அந்தக் கணு நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஆனால் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நம் நாடி 60, 70 என்றுதானே காட்டுகிறது? மீதியைப் பிடித்து நிறுத்துவது முகுளத்திலிருந்து கிளம்பி இதயம், நுரையீரல், குடல் வரை ஓடும் வேகஸ் நரம்பு. நாம் ஓய்வில் இருக்கும் நேரமெல்லாம் இந்த பிரேக் பாதி அழுத்தியபடியே இருக்கிறது.

இதற்கு உயிருள்ள சான்று இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். புதிய இதயத்தைப் பொருத்தும்போது வேகஸ் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அவர்களுடைய நாடி ஓய்விலும் 90, 100 என்ற அளவில் இருக்கும். மூச்சோடு சேர்ந்த ஏற்ற இறக்கமும் அநேகமாக மறைந்துவிடும்.

வேகஸ் நரம்பின் முனையிலிருந்து வெளிவருவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அது எஸ்.ஏ. கணுச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் ஒட்டியதும், பக்கத்திலேயே இருக்கும் பொட்டாசியம் வாயில்கள் திறக்கும். நேர்மின் சுமையுள்ள பொட்டாசியம் அயனிகள் வெளியேற, செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின் பக்கம் சரியும். அடுத்த துடிப்புக்கான வரம்பை எட்ட அது கூடுதல் தூரம் ஏற வேண்டும், அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். துடிப்பு தாமதமாகும் கதை இவ்வளவுதான். இதில் என்னை எப்போதும் மலைக்கவைப்பது வேகம். அட்ரினலின் வகைச் சமிக்ஞைகள் இதயத்தை மாற்றப் பல விநாடிகள் எடுக்கும். வேகஸ் நரம்போ ஒரே துடிப்புக்குள் மாற்றிவிடும். வெளிவந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி அங்கேயே உடனுக்குடன் சிதைத்துவிடுவதால், பிரேக்கை எடுத்த மாத்திரத்தில் வேகமும் திரும்பிவிடும். ஒவ்வொரு மூச்சையும் இதயம் பின்தொடர முடிவது இதனால்தான்.

மூச்சுக்கும் பிரேக்குக்கும் எப்படித் தொடர்பு வந்தது? முகுளத்தில் மூச்சை இயக்கும் நரம்பணுக்கள் "இழு" என்று உதரவிதானத்துக்குக் கட்டளை அனுப்பும்போதே, இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பணுக்களையும் அடக்கிவிடுகின்றன. அந்தச் சில கணங்களுக்கு பிரேக் தளர்ந்து துடிப்பு விரையும். உள்மூச்சு முடிந்ததும் அடக்குமுறை விலகும். வேகஸ் நரம்பணுக்கள் மீண்டும் பேசத் தொடங்கும், துடிப்பு மெதுவாகும். ஆகவே, வெளிமூச்சு நீள நீள பிரேக் அழுந்தியிருக்கும் நேரமும் நீள்கிறது. நாலு விநாடி இழுத்து ஆறு விநாடி விடுங்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் உட்பொருள் இது. மெல்லப் பாடினாலும், ஒரே சுரத்தில் முணுமுணுத்தாலும் வெளிமூச்சு தானாகவே நீளும் என்பதால், அவற்றாலும் இதே பலன் கிடைக்கும்.

நாலும் ஆறும் சேர்ந்தால் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இந்த எண்ணில் இன்னொரு அழகு இருக்கிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கும், இறங்கினால் வேகமாக்கும். இந்தச் சுற்றுக்கு இயல்பாகவே ஏறத்தாழ பத்து விநாடித் தாளம் ஒன்று உண்டு. மூச்சும் அதே தாளத்துக்கு வரும்போது இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தி, துடிப்பின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகும். எண்ணைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும் என்று யாரும் பதற வேண்டாம். ஆளுக்கு ஆள் இது சற்று மாறும். வசதியாக நீளும் மூச்சே போதும்.

வேகஸ் நரம்பு ஒரு வேதிப்பொருளைக் கொண்டுதான் பேசுகிறது என்று கண்டறிந்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஓட்டோ லோவி. அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, ஓர் இரவு தூக்கத்தில் சோதனைக்கான யோசனை தோன்றியது. பாதி விழித்து, கிடைத்த காகிதத்தில் கிறுக்கிவைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் எடுத்துப் பார்த்தால் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தபோது நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்ட, அது மெதுவானது. அந்த இதயத்தில் இருந்த கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் ஊற்றினார். அதுவும் மெதுவானது! 1921இல் இந்த முடிவு வெளியானது. 1936இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். யூதர் என்பதால் 1938இல் நாஜிகள் அவரைச் சிறைப்பிடித்தார்கள். பரிசுப் பணத்தை ஒப்படைத்த பிறகுதான் நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது.

தவளை இதயத்தில் உப்புநீர் ஊற்றும் வேலைக்கு இன்று யாராவது நிதி கேட்டால், "இதனால் மக்களுக்கு என்ன பயன்?" என்ற கேள்வியிலேயே விண்ணப்பம் நின்றுபோகும் என்று நினைக்கிறேன். நரம்புகளின் வேதியியல் என்ற துறை முழுவதும் அந்தத் தவளைகளிலிருந்துதான் விரிந்தது. உடனடிப் பயன் இல்லாத ஆய்வுகளுக்கும் ஒரு பங்கு பணத்தைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூச்சைப் பற்றிப் பேசும் பலர், ஆழ்ந்த மூச்சு "மூளைக்கு ஆக்சிஜனை நிரப்புகிறது" என்கிறார்கள். தவறு. ஆரோக்கியமானவரின் தமனி இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 95 முதல் 100 சதவீதம் வரை ஆக்சிஜனைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னும் நிரப்ப அங்கே இடமில்லை. மாறாக, வேகவேகமாக ஆழ்ந்து மூச்சுவிட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும். அந்தக் கிறுகிறுப்பை ஏதோ ஆற்றல் எழுவதாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மெதுவாக, அளவாக விடும் மூச்சுதான் இங்கே வேலை செய்கிறது.

இதயம் அடங்கினால் மனமும் அடங்குமா? 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் ஒரு வழியைக் கண்டார்கள். மூச்சின் தாளத்தை உருவாக்கும் மையத்தில் இருந்த ஏறத்தாழ 175 நரம்பணுக்கள், மூளையை உஷாராக்கும் லோகஸ் செருலியஸ் என்ற பகுதிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. அவற்றை மட்டும் நீக்கியபோது எலிகள் வழக்கத்துக்கு மாறாகச் சாந்தமாகிவிட்டன. மூச்சின் வேகத்தை மூளை ஒற்றுக்கேட்டு, தன் பரபரப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மனிதர்களிடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் சிலர் நீண்ட வெளிமூச்சுப் பயிற்சியையும், வேறு சிலர் மூச்சை மாற்றாமல் கவனிக்கும் தியானத்தையும் செய்தார்கள். பதற்றம் இரு சாராருக்கும் குறைந்தது. உற்சாகம் கூடியது வெளிமூச்சுக் குழுவில்தான் அதிகம்.

கவனித்தலுக்கும் இடம் உண்டு. மூச்சை எண்ணத் தொடங்கினால் மூன்றாவது நாலாவது எண்ணிலேயே மனம் எங்கோ போய்விடும். போனதை உணர்ந்து திரும்பி வருவதுதான் பயிற்சியே. "எனக்குத் தியானம் வராது, மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது" என்று விட்டுவிடுபவர்கள், ஓடிய மனத்தைப் பார்த்துவிட்டதே பாதி வேலை என்பதை யாரும் சொல்லாததால் விட்டுவிடுகிறார்கள்.

அதிகாலை நாலரைக்கு எழுந்தால்தான் இதெல்லாம் பலிக்கும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். விடியலில் சுறுசுறுப்பாக இருப்பவரா, இரவில் சுறுசுறுப்பாக இருப்பவரா என்பதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. ஏறத்தாழ ஏழு லட்சம் பேரின் தரவை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, இதோடு தொடர்புள்ள 351 இடங்களை மரபணுத்தொகுதியில் அடையாளம் கண்டது. தூக்கத்தை வெட்டி வாங்கும் அதிகாலையால் நிதானம் வராது. எழும் நேரம் தினமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதும், எழுந்த பிறகு கொஞ்ச நேரம் வெளி வெளிச்சத்தில் நிற்பதும் உடல் கடிகாரத்துக்கு நல்லது. மேகமூட்டமான நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

வாசகருக்கு நான் சொல்வது இதுதான். அலாரம் அடித்ததும் துள்ளி எழ வேண்டாம். படுக்கை ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்காருங்கள். இரத்த அழுத்தம் சமன்பட அந்த ஒரு நிமிடம் உதவும். அங்கேயே ஐந்து நிமிடம், வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருக்கும்படி மூச்சு விடுங்கள். எண்ணிக்கொண்டே விடலாம், விட்ட இடம் மறந்தால் ஒன்றிலிருந்து தொடங்கலாம். மூச்சுத் திணறும் அளவுக்கு நீட்டாதீர்கள், அடக்கியும் வைக்காதீர்கள். காற்றுக்கு ஏங்கினால் பரபரப்பு கூடத்தான் செய்யும். பிறகு ஜன்னலையோ வாசலையோ நோக்கிப் போங்கள். கைப்பேசி அரை மணி நேரம் வேறு அறையில் இருக்கட்டும். முக்கியமான முடிவு ஏதாவது இருந்தால் அதுவும் அந்த அரை மணி நேரம் காத்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கண்களை மூடி மூச்சைக் கவனிக்கும்போது சிலருக்குப் பதற்றம் கூடுவதுண்டு. அவர்கள் கண்களைத் திறந்தபடி, பாதங்கள் தரையில் படுவதைக் கவனிக்கலாம், அல்லது மெதுவாக நடக்கலாம். படபடப்போடு நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தாலோ, நாடி தாளமே இல்லாமல் தாறுமாறாகத் துடித்தாலோ, மூச்சுப் பயிற்சியில் நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.