ஊரடங்கு வந்தாலும் ஏ.ஆர்.டி. மருந்து நிற்கக் கூடாது

2020 மார்ச்சில் நாடு முடங்கியபோது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு விஷயங்களை அறிவுறுத்தியது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, அந்த வைரஸை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்கலாம். சொந்த மையத்துக்குப் போக முடியாதவர்கள் அருகிலுள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் வாங்கிக்கொள்ளலாம். காகிதத்தில் அவ்வளவுதான். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நடப்பது வேறு.

"உங்கள் பதிவு இங்கே இல்லை, மாற்றுக் கடிதம் கொண்டு வாருங்கள்" என்பார்கள். பழைய மையத்துக்குப் போய்க் கடிதம் வாங்க முடிந்தவர், மருந்தையே அங்கு வாங்கியிருக்க மாட்டாரா? அந்தக் கடிதம் நிரந்தரமாக மையம் மாறுகிறவர்களுக்கானது. நீங்கள் கேட்பது தற்காலிகமாக மருந்து மட்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். உங்கள் சிகிச்சை விவரங்களை எழுதி ஏ.ஆர்.டி. மையம் கொடுத்த பச்சைப் புத்தகத்தைக் காட்டுங்கள். பதிவு எண்ணும் மருந்தின் பெயரும் உள்ள பக்கங்களை இன்றே படமெடுத்து, பிறர் திறக்க முடியாதபடி செல்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மறுத்தால், பழைய மையத்தோடு தொலைபேசியில் பேசிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 1097 என்ற இலவச உதவி எண்ணையும் அங்கிருந்தே அழையுங்கள்.

மூன்று மாத மருந்து, சிகிச்சையில் நிலையாக, அதாவது வைரஸ் கட்டுக்குள், இருப்பவர்களுக்குத்தான். பலர் இடறி விழுவது இங்கேதான். ஆண்டுக்கொருமுறை எடுக்க வேண்டிய வைரஸ் அளவுப் பரிசோதனை தள்ளிப்போயிருந்தால், "நிலையாக இருக்கிறீர்கள் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டு ஒரு மாத மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். ஆய்வகத்தை மூடியது நோயாளியா? ஆனாலும் அலைவது நோயாளிதான். சாதாரண நாட்களிலேயே அந்தப் பரிசோதனையை முடித்து, முடிவைப் புத்தகத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

வழியில் போலீஸ் மறித்தால் "மருத்துவமனைக்குப் போகிறேன்" என்பது போதும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் தம் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம். பச்சைப் புத்தகத்தைச் சாலையில் நீட்டாதீர்கள்.

உங்களுக்காக வேறொருவர் மருந்து வாங்கப் போகிறார் என்றால், விஷயம் ஏற்கெனவே தெரிந்தவரை மட்டும் அனுப்புங்கள். களப்பணியாளர் கொண்டுவருவதானால் வீட்டு வாசலைத் தவிர்த்து வேறோர் இடத்தைச் சொல்லுங்கள்.

பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவு மூடியிருந்தால் தொலைபேசி ஆலோசனை உதவும், எல்லாவற்றுக்கும் அல்ல. பிறப்புறுப்பில் வந்த வலியில்லாத புண் தானாக ஆறிவிட்டாலும் சிபிலிஸ் உடலுக்குள் இருக்கும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் விடாதீர்கள். கர்ப்பிணிகள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல், இரண்டு வாரம் மீதமிருக்கும்போதே கேட்கத் தொடங்குங்கள். வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் அந்த 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு புகார் அலுவலர் இருந்தாக வேண்டும். அவர் யார் என்று கேட்டு, மறுத்த தேதியையும் மறுத்தவரின் பதவியையும் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிய பிறகே கிளம்புங்கள்.