புதைத்துவிட்டு வராதீர்கள்

"டாக்டர், மாடு வெள்ளத்துல போயிடுச்சு, நேத்தே புதைச்சிட்டோம். செல்லுல போட்டோ இருக்கு, சர்டிபிகேட் மட்டும் கொடுங்க." ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பொன்னேரி, சோழவரம், திருப்போரூர் பக்கமிருந்து கால்நடை மருத்துவர்களுக்கு வரும் கோரிக்கை இது. இந்த வருடமும் வந்துவிட்டது. தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

பேரிடரில் இறந்த கறவை மாட்டுக்கு நிவாரணம் 37,500 ரூபாய். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலை ஒட்டித்தான் 30,000இல் இருந்து இவ்வளவுக்கு உயர்த்தினார்கள். ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. பேரிடர் நிதி விதிப்படி ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை என்றால் மூன்று, ஆடு என்றால் முப்பது வரைதான். இரண்டு மாட்டை வைத்துப் பால் ஊற்றும் வீட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல.

போட்டோ போதும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு மாடு செத்துக் கிடப்பதைத்தான் அது காட்டும். அது யாருடைய மாடு, எப்போது செத்தது, வெள்ளத்தில் செத்ததா, ஏற்கெனவே நோயில் கிடந்ததா என்பதெல்லாம் அதில் தெரியாது. நோயில் செத்தால் இந்த நிவாரணம் கிடையாது. அதனால்தான் பிரேதப் பரிசோதனை. நீரில் மூழ்கிய மாட்டின் மூச்சுக்குழாயைத் திறந்தால் நுரை நிற்கும், சில சமயம் சேறும் இருக்கும். அந்த நுரை நமக்காகக் காத்திருக்காது. நம் ஊர் வெக்கைக்குச் சில மணி நேரத்திலேயே வயிறு ஊதிவிடும். மறுநாள் உள்ளுறுப்புகள் குழைந்துபோனால், இறப்புக்கான காரணத்தை உறுதியாக எழுத மருத்துவருக்கு வழியில்லை. எழுதாத காரணத்துக்குப் பணமும் இல்லை.

மாடு இறந்தது தெரிந்ததும் வி.ஏ.ஓ.வுக்கும் அரசு கால்நடை மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள். இருவருக்கும், ஒருவருக்கு மட்டும் அல்ல. சாலை துண்டித்திருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077இல் பதிவு செய்து, அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். உடலை மேட்டுக்கு இழுத்து, தார்ப்பாய் போட்டு மூடி, நாய் அண்டாமல் பாருங்கள். தோலை உரிக்க விடாதீர்கள். காது வில்லையைக் கழற்றவே கழற்றாதீர்கள். அதில் உள்ள 12 இலக்க எண்தான் அது உங்கள் மாடு என்பதற்குச் சாட்சி. திருவல்லிக்கேணித் தெருவில் மாடு வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: வில்லை போடாத மாடு இருந்தால் மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள், எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். பரிசோதனை முடிந்த பிறகு, கிணறு, ஏரிக்குத் தள்ளி ஆறடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்கலாம். ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல்களைத் தயாராக வையுங்கள்.

இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அந்த நிறுவனத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வி.ஏ.ஓ.விடம் சொன்னது அவர்களுக்குச் சொன்னதாகாது.

கடைசியாக ஒரு கெஞ்சல். வெள்ளத்தில் சாகும் மாடுகளில் பல, நீந்தத் தெரியாமல் சாவதில்லை. முளைக்குச்சியில் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றி, கழுத்தில் பள்ளம் விழுந்து கிடக்கும். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று மாலையே மேட்டுக்கு ஓட்டிப் போங்கள். முடியாவிட்டால், தூங்கப் போகும் முன் கயிற்றை அவிழ்த்து விடுங்கள், கன்றின் கயிற்றையும்.