போலி சிப் சொல்லும் சூடு

கம்ப்யூட்டரின் மூளையான சிபியூ சிப்பைக் குளிர்விக்கும் கூலர் நல்லதா, சுமாரா என்று பார்க்க நிஜமான சிபியூமேலேயே மாட்டிவிட்டால் என்ன? மாட்டலாம். ஆனால் நிஜ சிப் ஒரு நிலையில் நிற்காது. வேலைக்கேற்ப வாட் ஏறி இறங்கும். சூடு எல்லை தாண்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் சிலர் போலி சிப் ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். ஒரு செம்புக் கட்டி, அதற்குள் ஹீட்டர், மேல்முகத்துக்குச் சற்றுக் கீழே துளையிட்டுச் செருகிய தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் ஒயர்). வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் உள்ளே போகும் வாட். கட்டி அறைக் காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்று பார்த்து அந்த வாட்டால் வகுத்தால் வெப்பத் தடை; இது குறையக் குறைய கூலர் நல்லது. 100 வாட்டுக்கு 30 டிகிரி என்றால் 0.3.

கணக்கு சுத்தம்தான். வம்பு அந்தத் துளையில் இருக்கிறது. 1 சதுர செ.மீ. குறுக்குவெட்டுள்ள செம்பு வழியே 100 வாட் ஏறும்போது, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 2.5 டிகிரி குறையும். துளை 1 மி.மீ. கீழே போனால் அந்த 2.5 டிகிரியும் கூலரின் தலையில் விழும்.

அடுத்தது ஒழுகல். வெப்பம் முழுதும் கூலர் பக்கமே போகாது. பக்கச் சுவர், ஒயர் என்று வழி தேடும். கட்டி அறையைவிட எத்தனை டிகிரி சூடோ, டிகிரிக்கு 0.1 வாட் ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். நல்ல கூலரில் கட்டி 30 டிகிரி ஏறுகிறது, 3 வாட் நஷ்டம். மட்டமான கூலரில் 50 டிகிரி, 5 வாட் நஷ்டம். மட்டமானதற்கு வேலையே குறைவு! பிழை எல்லோருக்கும் சமமாக இருந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமாவது தப்பும். இது மட்டமானதற்குக் கூடுதல் சலுகை தருகிறது. சரி, வழி உண்டு. கூலரைக் கழற்றி, மேலேயும் காப்புப் போட்டு மூடி, கட்டியை அதே சூட்டில் நிறுத்த எத்தனை வாட் தேவை என்று பார்த்துக் கழித்துவிடலாம்.

கழிக்க முடியாதது வடிவம். செம்புக் கட்டி முகம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடு. நிஜ சிப்போ சின்ன பர்னர்மேல் வைத்த தோசைக்கல். ஓரிடம் கருகும், ஓரம் வேகாது. ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் சிபியூவில் கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) உள்ள சில்லு சுமார் 81 சதுர மி.மீ.தான், அதுவும் மேலே உள்ள உலோக மூடியின் நடுவில் இல்லை. நிஜ மூடி சமதளமாக இருப்பதும் அரிது. எனவே சில கூலர்களின் அடிப்பக்கத்தை வேண்டுமென்றே லேசாகக் குவித்திருப்பார்கள். இழைத்த செம்புமேல் அதை வைத்தால் ஓரங்களில் இடைவெளி விழும், மார்க் குறையும். அதே கூலர் நிஜ சிபியூமேல் ஜெயிக்கலாம்.

அப்புறம், ஒரே கூலரைக் கழற்றி, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டைத் துடைத்து, மறுபடி மாட்டினாலே எண் கொஞ்சம் நகரும். ரிவ்யூவில் ஒரு கூலரை எத்தனை முறை மாட்டிப் பார்த்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். ஒரே முறை என்றால், முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் நடுவே உள்ள அந்த ஒரு டிகிரிக்காகக் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன்.