அனிமோன் வாங்கும் முன் விளக்கை வாங்குங்கள்

கடல் மீன் தொட்டியில் அனிமோன் என்கிற கடல் சாமந்தி வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் ஒரு வகை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். “அண்ணே, தண்ணி டெஸ்ட் பண்ணிட்டேன். அமோனியா இல்ல, உப்பு கரெக்டா இருக்கு, நீமோ ரெண்டும் நல்லா ஓடுது. அனிமோன் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிட்டே போவுது.” போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அத்தனையும் உண்மையாக இருக்கும். தண்ணீரில் ஒரு குறையும் இராது. மூடியைத் திறந்து பார்த்தால், தொட்டியோடு சேர்த்துக் கொடுத்த நீல எல்.இ.டி. பட்டை ஒன்று மேலே ஒட்டியிருக்கும். அனிமோன் பட்டினி கிடக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். “தினமும் இறால் போடுறேனே!” என்பார்கள்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டம், கன்னியாகுமரி பக்கங்களிலும் வீடுகள், கிளினிக்குகள், விடுதிகளில் உள்ள உப்புத்தண்ணீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். அனிமோன் சாவதற்கு நான் பார்த்த காரணங்களில் முதலிடம் வெளிச்சத்துக்குத்தான். ஆனால் அதன் மேல் யாரும் சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் நம் கண்ணுக்குத் தொட்டி பளிச்சென்றுதான் தெரிகிறது.

அனிமோன் ஒரு விலங்கு. பவளத்துக்கு உறவு. நீமோ என்கிற கிளவுன் மீன் குடியிருக்கும் வகைகளின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி கோடிக்கணக்கில் வாழ்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை தயாரித்து, பெரும்பங்கை அனிமோனுக்குக் கொடுத்துவிடுகிறது. நாம் போடும் இறால் துண்டு தொடுகறி மாதிரி. சோறு மேலேயிருந்து வருகிறது. அனிமோனின் இயல்பான காப்பி நிறம், மங்கலான பச்சை எல்லாம் இந்தப் பாசி நிறைந்திருப்பதன் அடையாளம்.

வெளிச்சம் போதாவிட்டால் அனிமோன் அன்றே சாகாது. சிக்கலே அங்கேதான். பாசி குறையும், நிறம் வெளுக்கும், அனிமோன் தன் உடம்பையே கரைத்துச் செலவழித்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது சாஸர் அளவுக்கு வந்துவிடும். கடைசியில் ஒருநாள் வாய் பிளந்து, குடல் வெளியே வந்து கிடக்கும். அதற்கு முந்தின வாரம் தண்ணீர் மாற்றியிருப்பார்கள், அல்லது புது மீன் விட்டிருப்பார்கள். பழி அதன் மேல் விழும். அதே விளக்கின் கீழே அடுத்த அனிமோன் வரும்.

இதில் இன்னொரு கூத்து: வெள்ளை வெளேரென்று இருக்கும் அனிமோனைத்தான் பலர் அழகு என்று விரும்பி வாங்குகிறார்கள். நுனி மட்டும் ஊதாவாக, உடம்பு பால் வெள்ளையாக இருக்கும் சேபே அனிமோன் இங்கே அடிக்கடி விற்பனைக்கு வரும். பிடித்த இடத்திலிருந்து கடைக்கு வருவதற்குள் பாசியை இழந்து வெளுத்துப் போனது அது. எலுமிச்சை மஞ்சள், ரோஸ், அடர் நீலம் என்று ஒரே சீராக நிறம் தெரிந்தால் சாயம் ஏற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். மங்கிய காப்பி நிறத்தில், கையுறை போட்ட விரலால் தொட்டால் சட்டென்று ஒட்டிக்கொள்கிற, வாய் இறுக மூடிய அனிமோன்தான் நல்ல சரக்கு.

எல்லா அனிமோனுக்கும் வெளிச்சம் தேவை என்பதும் இல்லை. ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்ற இயற்கையியலாளர் 1828-ல் கடற்கரையில் எடுத்து வந்த ஒரு அனிமோன், கண்ணாடிச் சாடியில் 1887 வரை உயிரோடு இருந்தது. ‘பாட்டி’ என்றே அதற்குப் பெயர். அது பாசியை நம்பாத குளிர்க்கடல் வகை. நம் முட்டம் பாறைகளிலும் கன்னியாகுமரிக் கரையிலும் அலை வடியும்போது குழிகளில் தெரியும் சின்ன அனிமோன்களைப் பிள்ளைகள் பாட்டிலில் பிடித்து வருகிறார்கள். அவற்றில் கிளவுன் மீன் குடியேறாது. உலகம் முழுவதும் கிளவுன் மீன்கள் ஏற்றுக்கொள்கிற அனிமோன்கள் ஏறக்குறைய 10 வகைதான். அவை எல்லாமே வெயிலை நம்பி வாழ்பவை.

சரி, எவ்வளவு வெளிச்சம்? பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை முதலில் மறந்துவிடுங்கள். வாட் என்பது கரண்ட் செலவின் கணக்கு. ‘200 வாட்’ என்று விற்கும் மலிவு விளக்கைப் பிளக்கில் செருகும் மீட்டரில் போட்டால் அதில் பாதிகூட இழுக்காமல் இருக்கலாம். கெல்வின் என்பது நிறத்தின் சாயலைச் சொல்லும், வலிமையைச் சொல்லாது. பார்க்க வேண்டியது பி.ஏ.ஆர். என்கிற அளவு: 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள, பாசிக்குப் பயன்படக்கூடிய ஒளி, குறிப்பிட்ட இடத்தில் எவ்வளவு விழுகிறது என்ற கணக்கு. உச்சி வெயிலில் கடல் மட்டத்தில் பி.ஏ.ஆர். மீட்டர் 2000-ஐ ஒட்டிக் காட்டும். பபிள் டிப் என்ற வகை அனிமோனுக்கு அது உட்காரும் இடத்தில் 150 முதல் 250 வரை கிடைத்தால் வசதி. 100-க்குக் கீழே நாள்பட இருந்தால் மெலியத் தொடங்கும். கார்ப்பெட், மேக்னிஃபிகா என்ற அனிமோன் வகைகள் 300-க்கு மேல் கேட்கும். அவற்றைப் புதியவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

‘உட்காரும் இடத்தில்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். விளக்குக்குக் கீழே தண்ணீர் மட்டத்தில் 400 காட்டும் விளக்கு, ஒன்றரை அடி ஆழத்து மணலில் 80 காட்டலாம். ஆழமான தொட்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும், அனிமோனுக்கு அதுவே செலவு. 18 அங்குலத்துக்குள் ஆழத்தை வைத்துக்கொண்டால் நடுத்தர விளக்கே போதும். பி.ஏ.ஆர். மீட்டர் விலை அதிகம்; வாங்கச் சொல்ல மாட்டேன். தொட்டி பராமரிக்கிறவர்கள் சிலரிடம் இருக்கும், ஒருநாள் கேட்டு வாங்கி அளந்து, எந்தப் பாறையில் எவ்வளவு என்று குறித்து வைத்தால் போதும். போனில் இருக்கும் லக்ஸ் ஆப் இதற்கு உதவாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காக உருவான அளவு, பச்சைக்கு அதிக மதிப்பும் நீலத்துக்கு மிகக் குறைந்த மதிப்பும் கொடுக்கும். வெயிலுக்கு லக்ஸை 54-ஆல் வகுத்தால் பி.ஏ.ஆர். ஏறக்குறைய வந்துவிடும். நீலம் மிகுந்த தொட்டி விளக்குக்கு அந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவப்பு ஒளியைக் கடல் நீர் முதல் சில மீட்டரிலேயே உறிஞ்சிவிடும், நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். அனிமோனின் பாசியும் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியை நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் பவளத் தொட்டி விளக்குகள் நீலமாக இருக்கின்றன. இதைக் கேள்விப்பட்டு, ‘நீலமாக இருந்தால் போதும்’ என்று அலங்காரப் பட்டையை மாட்டிவிடுகிறார்கள். நிறம் சரி, வலு எங்கே? நம் கண் நீலத்துக்கு மந்தமானது. வலுவான நீல விளக்கும் மங்கலாகத் தெரியும், வலுவற்ற வெள்ளை விளக்கும் பிரகாசமாகத் தெரியும். கண்ணை நம்பி விளக்கு வாங்கினால் இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

என் கருத்தில் இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் நல்ல எல்.இ.டி. வாங்குவதே சரி. பவளம் வளர்ப்பவர்களுக்கென்று செய்த, வெள்ளையையும் நீலத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடிகிற விளக்கு. மெட்டல் ஹேலைடு பல்பு பிரமாதமான ஒளி தரும், ஆனால் நம் ஊர்ச் சூட்டில் அதைப் போட்டால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ராத்திரி பகலாக ஓடும். டி5 என்கிற மெல்லிய டியூப் லைட் பரவலான, நிழலில்லாத ஒளி தரும். எரிந்துகொண்டிருந்தாலும் வருடத்துக்கொருமுறை டியூபை மாற்ற வேண்டும், ஒளி குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. நல்ல டியூப் இங்கே கிடைப்பதும் கஷ்டம். நன்னீர்ச் செடித் தொட்டிக்கென்று விற்கும் சிவப்பு கலந்த விளக்கு இதற்குப் பொருந்தாது.

ஜன்னல் வெயில் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. ஜூனில் ஒருமுறை, அக்டோபர் நவம்பரில் ஒருமுறை, நாள்கணக்கில் வானம் மூடிக் கிடக்கும். மார்ச்சில் அதே ஜன்னல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். நிலையான வெளிச்சம் தேவைப்படும் உயிருக்கு அது சரிப்படாது.

சூட்டைத் தனியாகப் பேச வேண்டியதில்லை, வெளிச்சத்தோடு சேர்ந்ததுதான். பாசிக்கு ஒளி அதிகமாகி, தண்ணீரும் சூடானால், உற்பத்தி தறிகெட்டு நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. அனிமோன் பாசியை வெளியேற்றிவிடும். மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 கோடைகளில் கூட்டமாக வெளுத்ததும் இதே காரணத்தால்தான். தொட்டியில் 25 முதல் 27 டிகிரி வைத்திருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சில்லர் இல்லாமல் அது நடக்காது. சில்லருக்கு வழியில்லை என்றால் அனிமோன் ஆசையைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் நேர்மையான பதில். மின்விசிறி வைத்து ஒன்றிரண்டு டிகிரி குறைக்கலாம், ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

விளக்கு நேரத்தை டைமரிடம் விட்டுவிடுங்கள். 9 மணி நேரம் போதும். கோடையில் நான் மதியம் 2-லிருந்து இரவு 11 வரை வைப்பேன். உச்சி வெயிலில் வீடும் விளக்கும் சேர்ந்து சூடேற்றாது, வேலை முடிந்து வருகிறவர்களுக்குப் பார்க்கவும் கிடைக்கும். ராத்திரி முழுக்க நீல லைட் எரியவிடுவது நமக்குத்தான் அழகு, தொட்டி உயிர்களுக்கு இருட்டு வேண்டும்.

புது விளக்கை முதல் நாளே முழு வலுவில் போட்டுவிடாதீர்கள். பாதிக்கும் கீழே தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கடையின் மங்கலான தொட்டியில் இருந்து வந்த அனிமோனுக்கும் இதே நிதானம் தேவை. அப்புறம் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். தண்டு நீண்டு, மேலே எக்கி, கண்ணாடியில் ஏறினால் வெளிச்சம் பற்றவில்லை. பாறைக்கு அடியில் ஒளிந்து, பகலில் சுருங்கியே இருந்தால் அதிகம். ஒரே இடத்தில் பாதத்தைப் பொந்துக்குள் நுழைத்து வாரக்கணக்கில் அசையாமல் இருந்தால் பிடித்துவிட்டது என்று பொருள், இனி எதையும் மாற்றாதீர்கள். நடமாடும் அனிமோன், தண்ணீரை அசைக்கும் வேவ்மேக்கரில் சிக்கினால் கூழாகிவிடும், தொட்டி முழுக்க அமோனியா ஏறும். ஆகவே அனிமோன் வரும் முன்பே வேவ்மேக்கருக்குப் பஞ்சு உறையோ வலையோ போட்டுவிடுங்கள். அனிமோன் விடும் முன் தொட்டி தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஏற்கெனவே வெளுத்துப்போன அனிமோன் கையில் இருந்தால், பதறிப்போய் விளக்கை முழுவதும் ஏற்றுவது அதைக் கொன்றுவிடும். மிச்சமிருக்கும் கொஞ்சப் பாசிக்குத் தாங்காது. மிதமான ஒளி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை சுண்டுவிரல் நகம் அளவு இறாலோ மீனோ. குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ அன்றைக்கு வந்த மீனில் ஒரு துண்டு கிடைத்தால் அதைவிட நல்ல தீனி இல்லை. பெரிய துண்டாகக் கொடுத்தால் துப்பிவிடும். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். அதுவரை கிளவுன் மீனைத் தடுப்பு வைத்துப் பிரித்து வையுங்கள். ஆரோக்கியமான அனிமோனுக்கு மீனின் கழிவு உரம், அதன் ஆட்டம் காற்றோட்டம். மெலிந்த அனிமோனை அதே மீன் உரசி உரசியே தேய்த்துவிடும்.

கடலோர வீடுகளுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றும் தொட்டியிலிருந்து தெறிக்கும் துளியும் சேர்ந்து விளக்கின் லென்ஸில் வெள்ளையாகப் படியும், மூடிக் கண்ணாடியிலும் படியும். ஒளியில் கணிசமான பங்கு அங்கேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஈரத்துணியில் துடைத்தால் போதும். விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டியைத் தொட்டிக்கு மேலே வைக்காமல் தள்ளி மாட்டுங்கள்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கை இணைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைகீழான ஏற்பாடு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இரண்டு மூன்று நாள் இருட்டை அனிமோன் தாங்கும். தண்ணீர் அசையாமல் நின்றால் அன்று இரவே மூச்சு முட்டும். இன்வெர்ட்டருக்கு வேவ்மேக்கர் மட்டும். அதற்குமேல் ஒரு பேட்டரி ஏர் பம்ப், கையிருப்பில் நாலு பேட்டரி.

இவ்வளவும் செய்ய வழியில்லை என்றால் கிளவுன் மீனை மட்டும் வளர்க்கலாம், அதற்கு அனிமோன் கட்டாயமே இல்லை. கடலில் எதிரிகளிடமிருந்து தப்பத்தான் அதற்கு அந்த வீடு, தொட்டியில் யார் துரத்தப்போகிறார்கள்? மண்டபத்திலும் நமக்குப் பக்கத்து விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கி வருடங்கள் ஆகின்றன. அப்படிப் பொரித்து வளர்ந்த மீன்கள் பல, அனிமோனைக் கண்டாலும் கண்டுகொள்ளாமல் திரியும். வாங்கும்போது பொரிப்பக மீனா என்று கேட்டு வாங்குங்கள். மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவுக்குள் எடுத்தது என்று தெரிந்தால் எந்த உயிரையும் வாங்காதீர்கள், உயிர்ப்பாறை என்று விற்கும் பவளத் துண்டை வாங்குவதும் சட்டப்படி குற்றம். மீனுக்கு ஒதுங்க ஒரு சின்ன மண்பானையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் போதும், ஜோடி சேர்ந்தால் அதிலேயே முட்டையும் இடும். சாயமோ வார்னிஷோ பூசாத பானையாகப் பார்த்து, இரண்டு நாள் நன்னீரில் ஊறவைத்துக் கழுவிப் போடுங்கள்.