கயிறு தளரும் கணம்: குதிரை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

கோடை விடுமுறையில் கொடைக்கானல் சென்று வந்த வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். ஏரிச் சாலையில் அவருடைய மகளை ஏற்றிச் சென்ற மட்டக்குதிரை, ஒரு மரத்தடிக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே நின்று, தானாகத் திரும்பி, புறப்பட்ட இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கியதாம். “கொடுத்த பணத்துக்கு எவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரியுமா, அல்லது குதிரைக்காரர் மனத்தில் நினைப்பது அதற்கு எட்டிவிடுகிறதா?” என்று அவர் கேட்கிறார். இந்தக் கேள்வியின் இரண்டாம் பகுதியைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்துப் பேராசிரியர்களும் மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்கள். அதற்குப் போவதற்கு முன், குதிரை கற்கும் முறைகளில் என்னை மிகவும் கவர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பாவ்லோவின் நாயைப் பள்ளியில் படித்தவர்களுக்கு அடிப்படைகள் தெரியும். கொள்ளு வைக்கும் வாளியின் ஓசை கேட்டதும் லாயத்தில் குதிரை தலையை உயர்த்துவது, மணியோசைக்கு நாய் எச்சில் ஊறியதைப் போன்றதே. முதல் நாள் காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையைக் கண்டு மிரண்ட குட்டி, அதனால் தீங்கு எதுவும் வராததைப் பலமுறை கண்ட பிறகு அதைப் பொருட்படுத்தாமல் மேய்வது பழகிப்போதல். நல்ல செயலுக்குத் தின்பண்டம் கொடுத்தால் அச்செயல் பெருகும் என்பதும் எல்லா விலங்குகளுக்கும் பொதுவானது. குதிரை சவாரியின் பெரும்பகுதி இவற்றின் மேல் நிற்கவில்லை. வேறொரு வழியின் மேல் நிற்கிறது.

குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் அமர்கிறது. வாரை இழுத்தால் அந்த இரும்பு நாக்கையும் ஈறையும் அழுத்துகிறது. இழுத்தால் நிற்கும் என்பது குதிரையின் பிறவிக் குணம் என்று பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். பழக்காத குதிரையின் வாரை இழுத்துப் பாருங்கள்: தலையை உதறும், பக்கவாட்டில் ஒதுங்கும், சில வேளை முன்னங்கால்களைத் தூக்கி எழும். இந்த முயற்சிகளுக்கு நடுவே ஏதோ ஒரு கணத்தில் தற்செயலாக அதன் கால்கள் நின்றுவிடும். பழக்குபவர் தேர்ந்தவராக இருந்தால் அந்தக் கணத்திலேயே வாரைத் தளர்த்திவிடுவார். வாயிலிருந்த அழுத்தம் மறைகிறது. மறைவதற்குச் சற்று முன்பு தான் செய்துகொண்டிருந்தது என்ன என்பதைக் குதிரை குறித்துக்கொள்கிறது. சில முறை இப்படி நடந்ததும், உதறுவதையும் எழுவதையும் விட்டுவிட்டு நேராக நிற்கும் செயலுக்கு வருகிறது. இழுப்பு ஒரு கேள்வி என்றால், விடை சரி என்று சொல்வது தளர்வு. உளவியல் நூல்கள் இதை எதிர்மறை வலுவூட்டல் என்கின்றன. பெயரைப் பார்த்து இதைத் தண்டனை என்று பலர் பிழையாகப் புரிந்துகொள்கிறார்கள். தண்டனை ஒரு செயலைக் குறைக்கும். இதுவோ விரும்பத்தகாத ஒன்றை விலக்குவதன் மூலம் ஒரு செயலைப் பெருக்குகிறது.

இதற்கு அடுத்த படிதான் எனக்குப் பேரழகாகத் தோன்றுகிறது. தேர்ந்த சவாரிக்காரர் ஒருபோதும் முழு இழுப்பில் தொடங்குவதில்லை. முதலில் விரல்களை இலேசாக மூடுகிறார். விடை வராவிட்டால் சற்று அழுத்துகிறார். பிறகு மேலும் அழுத்துகிறார். நின்றதும் முழுவதும் தளர்த்துகிறார். இந்த வரிசை ஒவ்வொரு முறையும் மாறாமல் நிகழ்வதால், விரல் மூடினால் பின்னால் பெரிய அழுத்தம் வரப்போகிறது என்பதைக் குதிரை முன்கூட்டியே அறிகிறது. பாவ்லோவின் மணி இங்கே விரலாக மாறிவிடுகிறது. பெரிய அழுத்தத்துக்குக் காத்திராமல் சிறிய அழுத்தத்துக்கே விடையளிக்கிறது. பின்னர் அந்தச் சிறியதற்கு முன் நிகழும் இன்னும் சிறியதற்கு, அதாவது சவாரிக்காரரின் முதுகு நிமிர்வதற்கும் மூச்சு நிற்பதற்கும்கூட விடையளிக்கத் தொடங்குகிறது. ஓர் ஈ வந்து உட்கார்ந்த இடத்தை மட்டும் சிலிர்க்கவைக்கும் தோல் குதிரையுடையது. அந்தத் தோலுக்கு, நாம் செய்வதாக நாமே உணராத அசைவும் செய்திதான். கைகளும் கால்களும் அசைவதாகவே தெரியாமல் ஒருவர் குதிரையைத் திருப்புவதையும் நிறுத்துவதையும் நாம் வியந்து பார்ப்பதற்குப் பின்னால் இருப்பது, ஆயிரம் முறை சரியான கணத்தில் தளர்ந்த ஒரு வார்.

சரியான கணம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. குதிரை நின்று சில நொடிகள் கழித்துத் தளர்த்தினால், அதற்குள் அது தலையை உதறியிருக்கும். உதறியதற்குப் பரிசு கிடைத்ததாக அது கற்றுக்கொள்ளும். நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், எந்த விடையும் அழுத்தத்தை விலக்குவதில்லை என்று கற்றுக்கொள்ளும். அதன் பிறகு அது விடை தேடுவதையே கைவிட்டுவிடுகிறது. வாய் மரத்துப்போன குதிரை என்றும் முரட்டுக் குதிரை என்றும் பழிக்கப்படும் பல குதிரைகள் இப்படி உருவானவையே. அவற்றுக்கு மேலும் கூரான இரும்பை மாட்டுவது, புரியாத மொழியில் பேசிவிட்டுக் குரலை உயர்த்துவதற்கு ஒப்பாகும். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. அடி வாங்கும் குதிரை, பெரும்பாலும் தனக்குக் கற்பிக்கப்பட்டதை மிகச் சரியாகக் கற்ற குதிரையாகவே இருக்கிறது.

இனி பெர்லினுக்கு வருவோம். வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஹான்ஸ் என்ற தம் குதிரைக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பொறுமையாகப் பாடம் நடத்தினார். ரொட்டியும் காரட்டும் பரிசுகள். ஹான்ஸ் கூட்டல், பின்னம், நாட்காட்டி, கடிகாரம் எல்லாவற்றுக்கும் குளம்பால் தரையைத் தட்டி விடை சொன்னது. 1904இல் உளவியல் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையில் கூடிய குழு ஏமாற்று எதுவும் இல்லை என்று அறிவித்தது. அது உண்மையும்கூட, ஓஸ்டன் நேர்மையானவர், கட்டணமும் வாங்கவில்லை. ஸ்டும்ஃபின் மாணவர் ஒஸ்கர் ஃபுங்ஸ்ட் தொடர்ந்து ஆராய்ந்து, கேட்பவருக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேட்கச் செய்தார். ஹான்ஸின் கணிதம் உடனே காணாமல் போனது. கேட்பவரைக் குதிரையால் பார்க்க முடியாதபடி மறைத்தபோதும் அதுவே நிகழ்ந்தது.

நடந்தது இதுதான். கேள்வியைக் கேட்டு முடித்தவர் குளம்பைப் பார்ப்பதற்காகத் தலையைச் சற்றே குனிகிறார். ஹான்ஸ் தட்டத் தொடங்குகிறது. எதிர்பார்த்த எண் வந்ததும் அவருடைய உடலில் இருந்த இறுக்கம் விலகி, கண்ணுக்குப் புலப்படாத அளவில் தலை மேலே எழுகிறது, ஹான்ஸ் நிறுத்துகிறது. கேள்வியே கேட்காமல் குனிந்து நின்றாலும் அது தட்டத் தொடங்கியது. பின்னர் ஃபுங்ஸ்ட் ஆய்வகத்தில் தாமே குதிரையின் இடத்தில் அமர்ந்து, எதிரில் இருப்பவர் நினைத்த எண்ணைக் கையால் தட்டிக் கண்டுபிடித்தார். அப்படிச் சோதித்த 25 பேரில் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் தம்மை அறியாமலேயே அந்த அசைவைச் செய்தார்கள். 1907இல் வெளியான அவருடைய நூலுக்குப் பிறகு, விலங்குகளையும் மனிதர்களையும் சோதிக்கும் ஆய்வுகளில், சோதிப்பவருக்கே விடை தெரியாமல் வைப்பது ஓர் அடிப்படை எச்சரிக்கையாயிற்று.

ஹான்ஸ் அம்பலப்பட்டது என்று பலரும் இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஓஸ்டன் கற்பிக்க நினைத்தது எண்கள். ஹான்ஸ் கற்றதோ மனித உடலில் இறுக்கம் தளரும் கணம். வாரின் தளர்வுக்குக் காத்திருக்கும் அதே கவனத்தை, வாரே இல்லாத இடத்தில், ஒரு மனிதரின் கழுத்திலும் தோளிலும் அது செலுத்தியிருக்கிறது. அதைச் செய்யும்படி யாரும் அதற்குச் சொல்லவில்லை.

இதற்கு அதன் கண்களும் துணை நிற்கின்றன. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களைக் கொண்டவற்றுள் குதிரையும் ஒன்று. தலையின் இருபுறமும் அமைந்த அக்கண்கள் ஏறக்குறைய 350 பாகைப் பரப்பைப் பார்க்கின்றன. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே மறைவிடங்கள். நம் கண்ணின் கூர்மை அதற்கு இல்லை, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில்லை. ஆனால் புல்வெளியில் ஒரு புலி அசைந்தால் கண்டுகொள்வதற்காக உருவான கண் அது. ஒரு கண்ணால் கண்டதைக் குதிரையின் மறு கண் அறியாது என்ற நம்பிக்கை குதிரைக்காரர்களிடம் நெடுங்காலமாக உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஈவ்லின் ஹாங்கி 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கண்ணை மறைத்துப் பழக்கிய பாடத்தை மறு கண்ணாலும் குதிரைகள் சரியாகச் செய்தன. தெரிந்த பொருளே மறுபுறத்திலிருந்து வரும்போது அவை மிரள்வதற்கு, வேறு கோணத்தில் அப்பொருளின் தோற்றம் மாறிவிடுவது காரணமாகலாம்.

நினைவாற்றலிலும் ஹாங்கியின் குதிரைகள் வியப்பளித்தன. முன்பு கற்ற வடிவங்களையும் வகைப்பாடுகளையும் இடையில் எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக அவை நினைவில் வைத்திருந்ததை அவர் 2009இல் பதிவு செய்தார். மனிதர்களைப் பற்றிய நினைவும் அப்படித்தான். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகக் குழு, ஒருவர் சினந்திருக்கும் ஒளிப்படத்தை அல்லது புன்னகைக்கும் ஒளிப்படத்தைக் குதிரைகளுக்குக் காட்டி, சில மணி நேரம் கழித்து அதே நபரை இயல்பான முகத்தோடு நேரில் நிற்க வைத்தது. சினந்த முகத்தைப் பார்த்திருந்த குதிரைகள் அவரை இடது கண்ணால் அதிகம் பார்த்தன. அச்சம் தரக்கூடியவற்றைப் பார்க்கும்போது குதிரைகள் இடது கண்ணைப் பயன்படுத்த முனைவது முன்பே அறியப்பட்டது. தமது எந்தப் படம் காட்டப்பட்டது என்பது அந்த நபருக்குத் தெரியாது. ஃபுங்ஸ்ட் விட்டுச் சென்ற எச்சரிக்கை இங்கே காக்கப்பட்டிருக்கிறது.

சிக்கலைத் தீர்க்கும் திறனைப் பற்றி இரண்டு ஆய்வுகள் எனக்குப் பிடித்தமானவை. நார்வே நாட்டில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகள் காட்டப்பட்டன: கிடைக்கோடு போட்ட பலகையை மூக்கால் தொட்டால் முதுகில் போர்வை போர்த்தப்படும், செங்குத்துக்கோடு என்றால் போர்வை எடுக்கப்படும், வெற்றுப் பலகை என்றால் இருப்பது இருக்கட்டும். நாளுக்குச் சில நிமிடப் பயிற்சியில், இரண்டே வாரங்களுக்குள் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. குளிரிலும் மழையிலும் போர்வையைக் கேட்டன, வெயிலில் வேண்டாம் என்றன. பயிற்சியாளரைக் கண்டதும் தாமாகவே அழைக்க முயன்ற குதிரைகளும் இருந்தன. 2024இல் வெளியான நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வில், 20 குதிரைகள் அட்டையைத் தொட்டுத் தின்பண்டம் பெறப் பழகின. விளக்கு எரியும்போது தொட்டால் எதுவும் கிடைக்காது என்று விதி மாறியும் அவை எப்போதும்போல் தொட்டுக்கொண்டே இருந்தன. விளக்கு எரியும்போது தொட்டால் விளையாட்டு 10 நொடி நிறுத்தப்படும் என்றானதும் தவறுகள் சட்டென்று குறைந்தன. விதியை அவை முன்பே புரிந்துகொண்டிருந்தன, தவறுக்கு விலை இல்லாததால் கவலைப்படவில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கு அது பொருத்தமாகவே தோன்றுகிறது, ஆயினும் அந்த மாற்றம் வேறு வழிகளிலும் நிகழ்ந்திருக்க முடியுமா என்பதை மேலும் சோதிக்க வேண்டும்.

நார்வே ஆய்வுக்குத் தேவைப்பட்ட முதன்மைக் கருவிகள் மூன்று மரப்பலகைகளும் காரட்டும் பொறுமையும்தான். ஹரியானாவின் ஹிசாரில் குதிரையினங்களுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நோய்த் தடுப்பிலும் இனப்பெருக்கத்திலும் அதன் பணி மதிப்புக்குரியது. சுமை இழுத்தும் சவாரி சுமந்தும் பிழைக்கும் நம் நாட்டு மட்டக்குதிரைகள் எப்படிக் கற்கின்றன என்பதற்கும் சிறிது பணம் ஒதுக்கினால் என்ன என்று நான் ஏங்குகிறேன். அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்குபவர்கள் இன்றும் உடலிலுள்ள சுழிகளை எண்ணி, ஒரு சுழி குடும்பத்துக்கு ஆகாது என்று நல்ல குதிரைகளை ஒதுக்குகிறார்கள். சுழி என்பது கருவிலேயே அமையும் மயிர்வரிசை. வாங்குபவரின் குடும்பத்தை அது அறியாது. சுழி பார்க்கும் நேரத்தில், வாரை ஒருமுறை மென்மையாக இழுத்துத் தளர்த்தி, அந்தக் குதிரை எவ்வளவு சிறிய கேள்விக்கு விடை சொல்கிறது என்று பார்த்தால், இதுவரை அதை ஓட்டியவர்களின் கைகளைப் பற்றி எவ்வளவோ தெரிந்துவிடும்.

வாசகியின் மட்டக்குதிரைக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. திரும்பிய பின் விரட்டல் நின்று, கயிறு தளர்ந்து, இளைப்பாறும் இடம் நெருங்குகிறது. நாள்தோறும் அந்த மரத்தடியில் நடப்பது அதுவே என்பதால், மரமே அதற்கு அடையாளமாகியிருக்கலாம். அல்லது, மரத்தை நெருங்கும்போது குதிரைக்காரரின் நடை தன்னையறியாமல் மெதுவாவதை அது படித்திருக்கலாம். இவற்றில் எது என்பதைக் கண்டறியச் செலவே இல்லை. திரும்புமிடம் தெரியாத ஒருவரிடம் கயிற்றைக் கொடுத்து, வழக்கமான குதிரைக்காரரை அது பார்க்க முடியாத இடத்தில் நிற்கச் சொல்ல வேண்டும். மரத்தடியில் அது அப்போதும் திரும்பினால், அது நினைவில் வைத்திருப்பது இடத்தை. மரத்தைக் கடந்து நடந்துகொண்டே இருந்தால், அது இத்தனை நாளும் பார்த்துவந்தது குதிரைக்காரரை.