பனிக்குப் போகுமுன் பலகையை உங்கள் உடம்புக்குப் பூட்டுங்கள்

டிசம்பர் விடுமுறையில் சுவிஸுக்கோ கனடாவுக்கோ உறவுகளிடம் போய், பனியில் சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டில் சறுக்கிவரும் இளையவர்களில் சிலர், தை, மாசியில் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் இயன்மருத்துவ நிலையத்துக்கு வருகிறார்கள். மணிக்கட்டு முறிந்து பிளாஸ்டர் கழற்றியவர்கள், கணுக்கால் வீக்கம் வற்றாதவர்கள், முழங்கால் பிசகியவர்கள். என்ன நடந்தது என்றால் விழுந்த கதையைச் சொல்வார்கள். நான் அதற்கு முன்னால் நடந்ததைக் கேட்பேன். போர்டை யார் பூட்டித் தந்தது? பூட்ஸ் யாருடையது? மச்சான் தன்னுடையதைத் தந்தார் என்பார்கள். இல்லையென்றால், புதிதாக வாங்கி, பெட்டியிலிருந்து எடுத்தபடியே பூட்டியிருப்பார்கள்.

ஸ்கீயில் பலமாக விழுந்தால், பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங் தானாகக் கழன்று காலை விட்டுவிடும்படி அமைத்திருப்பார்கள். ஸ்னோபோர்டின் பைண்டிங் அப்படிக் கழலாது. இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டுண்டபடிதான் விழுகிறோம். ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்க வழியில்லாததால் கைதான் முன்னே போகிறது. புதிதாகப் பழகுபவர்களுக்கு மணிக்கட்டுக் காயம் அதிகம் வருவது இதனால்தான். ஆகவே அந்தப் பலகை உங்கள் காலுக்கும் இடுப்புக்கும் எடைக்கும் ஏற்றபடி இருந்தாக வேண்டும். போர்டை நிமிர்த்தி வைத்தால் அதன் முனை உங்கள் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும் என்று நீளத்தைக் கண்ணளவில் பார்ப்பார்கள். உயரத்தைவிட எடைதான் முக்கியம். வளைந்து கொடுக்கும் மென்மையான போர்டே பழகுபவருக்கு நல்லது.

செலவழிக்கக் கையில் இருப்பது கொஞ்சமென்றால் முதலில் பூட்ஸுக்குச் செலவழியுங்கள். போர்டை இரவல் வாங்கலாம், பூட்ஸை இரவல் வாங்காதீர்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்புறத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்கும். அப்போதும் குதிக்கால் மேலெழக் கூடாது. எழுந்தால் அந்த பூட்ஸ் பெரிது. பெரிய பூட்ஸுக்குள் கால் ஆடும். ஆடுகிறதென்று பட்டியை இறுக்குவோம். இறுக்கினால் பாதம் மரத்துப்போகும், மரத்த காலால் பலகையைத் திருப்ப முடியாது. குளிருக்குப் பயந்து இரண்டு சோடி சொக்ஸ் போடுவது நம்மவர்களிடம் மிகச் சாதாரணம். அது இரத்த ஓட்டத்தை நெருக்கிக் காலை இன்னும் குளிரவைக்கும். மெல்லிய ஒரு சோடி போதும், பருத்தி வேண்டாம்.

எந்தக் கால் முன்னால் வர வேண்டும் என்பதை இங்கேயே கண்டுபிடிக்கலாம். டைல்ஸ் தரையில் சொக்ஸோடு ஓடிவந்து சறுக்கிப் பாருங்கள். யோசிக்காமல் முன்னே போகும் கால்தான் உங்கள் முன்கால். இடது கால் என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. பிறகு நின்ற இடத்தில் துள்ளி இறங்குங்கள். பாதங்கள் எவ்வளவு விலகி, எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்று ஒருவரைப் படமெடுக்கச் சொல்லுங்கள். பூட்டும்போது அந்தப் படம் உதவும்.

பைண்டிங்கின் நடுவிலுள்ள வட்டத் தட்டில் கோணக் கோடுகள் இருக்கும். மைனஸ் என்றால் பாதம் போர்டின் பின்முனைப் பக்கம் திரும்பியிருக்கும். முன்கால் 15 பாகை, பின்கால் 0 முதல் மைனஸ் 6 வரை என்று தொடங்குவது பெரும்பாலானவர்களுக்குச் சுகமாக இருக்கும். இரண்டு பாதமும் வெளிநோக்கித் திரும்ப, 15க்கு மைனஸ் 15 என்று பூட்டுவதையும் பலர் சொல்வார்கள். அது எல்லா இடுப்புக்கும் ஒத்துவராது. பூட்டியபின் கம்பளத்தில் போர்டை வைத்து, இரண்டு காலையும் கட்டிக்கொண்டு மெல்லக் குந்திப் பாருங்கள். முழங்கால் விரல்கள் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். உள்ளே சாய்ந்தால் பின்காலின் கோணத்தை 0 பக்கமாகக் குறையுங்கள். தட்டைப் பாதம் உள்ளவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தச் சாய்வோடு நாள் முழுக்கச் சறுக்கினால் வலி முழங்காலின் உட்புறத்தில் வரும்.

பூட்ஸின் முனையும் குதியும் போர்டின் இரு ஓரத்திலும் ஒரேயளவு வெளியே நிற்க வேண்டும். விரல் பக்கம் அதிகம் நீண்டால், திரும்பும்போது பனியில் இடறி விழுத்தும். கால் பெரியவர்கள் அகலப் போர்டே வாங்க வேண்டும். ஸ்குரூக்கள் நான்கையும் முதலில் கையால் பிடிக்கவைத்து, பிறகு மாறி மாறி இறுக்குங்கள். முதல் இறக்கம் முடிந்ததும் ஒருமுறை சரிபாருங்கள், சிலது தளர்ந்திருக்கும்.

மெழுகு பூசுவதையும், போர்டின் முன், பின் முனைகளில் உலோக விளிம்பின் கூர்மையை மழுக்குவதையும் அங்குள்ள கடையிலேயே செய்விக்கலாம். வீட்டு அயர்ன் பெட்டியால் மெழுகை உருக்கிப் பூசாதீர்கள், அதன் சூடு ஏறி இறங்கும். போர்டின் அடிப்பக்கம் கருகும். போர்டைக் கொழும்புக்குக் கொண்டுவருபவர்கள் விளிம்பை நன்றாகத் துடைத்து மெழுகு பூசி வையுங்கள், நம் கடற்காற்றில் துரு பிடிக்கும்.

மணிக்கட்டுக் காப்பு அணியுங்கள். பழகுபவர்களுக்கு மணிக்கட்டு முறிவை அது குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்னோபோர்டுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 20320 என்ற தரம் இருக்கிறது. ஹெல்மெட்டும் பனிக்கான ஈ.என். 1077 தரத்தில் இருக்கட்டும்.

விழுந்தபின், கணுக்காலின் வெளிப்புறம் புடைத்திருக்கும் எலும்புக்குச் சற்றுக் கீழே வலி நின்றால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். கணுக்கால் மூட்டிலுள்ள தாலஸ் எலும்பின் பக்கவாட்டு முனை முறிவதை ஸ்னோபோர்டர் முறிவு என்றே மருத்துவர்கள் அழைப்பார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடுவதுண்டு. ஸ்னோபோர்டில் விழுந்தேன் என்று வைத்தியரிடம் சொல்லி, சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். கைப் பெருவிரலின் அடிக்குழியில் வலியென்றால் மணிக்கட்டிலுள்ள ஸ்கஃபொயிட் என்ற சிறு எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாத அந்த முறிவு, 10 முதல் 14 நாட்கள் கழித்து எடுக்கும் படத்தில் தெரியலாம். அதுவரை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், கையை அசையாமல் கட்டி வைத்திருங்கள்.